நாடகக் கொட்டகையினின்று வெண்திரைக்கு

நம் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களுள் சிலவற்றிலேனும், பழைய பெட்டியொன்றின் அடியில் ஒரு புகைப்படம் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தலையில் அட்டைக் கிரீடமும் கழுத்தில் கண்ணாடி மணியாரமும் தரித்து ராஜகுமாரனாகவோ, அன்றிச் சேலையுடுத்திச் சீதையாகவோ அதில் நிற்பான். "இவர் யார்?" என்று வீட்டுப் பிள்ளைகள் வினவினால், "பாட்டனாருடைய தம்பி, கம்பெனிக்குப் போய்விட்டவர்" என்று பெரியவர்கள் சுருக்கமாய்ச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். கம்பெனி என்றது வியாபாரக் கம்பெனியன்று. பாய்ஸ் கம்பெனி என்னும் பாலர் நாடக சபை. அந்தச் சுருக்கமான விடையிலே ஒரு வெட்கம் மறைந்திருந்தது. அப் பையனே பிற்காலத்தில் படத்தில் தோன்றிப் பெயரெடுத்திருப்பானாயின், அப் புகைப்படம் பெட்டியடியில் கிடவாது. நடுக்கூடத்துச் சுவரில் மாலையுடன் தொங்கியிருக்கும்.

பெட்டியடிக்கும் நடுக்கூடத்துச் சுவருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடந்தவர் சிலர். கடவாமல் நின்றவர் பலர். அவர்கள் கடந்த வரலாற்றையே இங்கு ஒருவாறு எழுதப் புகுந்தோம். இதனைச் சினிமா வம்பாகக் கொள்ளாமல், நம் நாட்டு ஏழைக் குடும்பங்களின் ஜீவனோபாய வரலாற்றில் ஒரு பகுதியாகவே நேயர்கள் கொள்ளவேண்டும். அந்நாளில் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள் கையில் கொண்டுவந்த முதல் ஒன்றே ஒன்று, அது குரல். அக் குரலை எவ்விதம் சம்பாதித்தார்கள், திரை அதனை எவ்விதம் வாங்கிக்கொண்டது, வாங்கிக்கொண்டபின் யாது செய்தது என்பதே நாம் காணவேண்டிய செய்தி.

தமிழ் நாடக உலகத்தார் தலைமையாசிரியராகப் போற்றுபவர் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். புராணக் கதைகளையும் நாட்டுக் கதைகளையும் பாட்டும் வசனமுமாக நாடகமாக்கி, வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலியவற்றை ஊர் தோறும் பரவச் செய்தவர் அவரே. நாடகம் நடத்துவதற்கு வயது வந்த நடிகர்களைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. ஒருவர் குடித்துவிட்டு வருவார். ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வாராதொழிவார். மேடையேறியபின் எழுதிக் கொடுத்ததை விட்டுத் தம் மனம்போனபடி பேசுவார் இன்னொருவர். ஆதலின் சிறுவர்களைச் சேர்த்துக் கண்டிப்பாய்ப் பழக்குவதே வழியென்று கண்டு பலரும் பாலர் சபைகளைத் தொடங்கினர். 1918-ஆம் ஆண்டு மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் பெயர் பெற்றது. டி. கே. எஸ். சகோதரர்கள் என்று பின்னர் நாடறிந்த சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோரின் நாடக வாழ்வு அந்தச் சபையிலேதான் தொடங்கியது. தம் மாணாக்கனாகிய சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஓரிரவிலே எழுதி முடித்ததைச் சண்முகம் அவர்களே வியந்து கூறியுள்ளார்கள். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார்கள்.

அச் சபைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் கலையார்வத்தால் அனுப்பினார்களென்று சொல்லுவது பொய்யாகும். பெரும்பாலும் வறுமையே அனுப்பியது. தகப்பனை இழந்த வீடுகள், பயிர் பொய்த்த வீடுகள், கடன்பட்ட வீடுகள் ஆகியவற்றிலிருந்தே பையன்கள் வந்தார்கள். சில ஆண்டுகளுக்கென்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பையனுக்குச் சோறும் துணியும் கம்பெனியார் பொறுப்பு. வீட்டுக்குச் சிறிது பணமும் வரும். கண்டியிலே 1917-இல் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்திலே தாயார் பட்ட துன்பத்தைக் கண்டு வளர்ந்த எம். ஜி. ராமச்சந்திரனும் அவருடைய தமையனார் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போன காரணம் அதுவே. பல குலத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடத்தில் படுத்து ஒன்றாகவே வளர்ந்தார்கள். ஊரார் அவர்களைக் கூத்தாடிகள் என்றார்கள். கூத்தாடிக்குப் பெண் கொடுக்கப் பின்வாங்கினார்கள். எந்தக் குலத்தார் எந்த நடிகரைத் தம்மவரென்று இன்று பாராட்டி விழாவெடுக்கின்றனரோ, அந்தக் குலத்தாரே அந்நாளில் அவரைப் பந்தியில் ஓரமாய் உட்காரவைத்தனர். இதை நாம் பிறரைச் சுட்டிச் சொல்லவில்லை. நம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

கம்பெனியில் பையனுக்குக் கிடைத்த கல்வி யாது? விடியுமுன் எழுந்து சாதகம், பின் பாட்டும் வசனமும் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் கூடிய தகரக் கொட்டகையில், கடைசியில் மண்தரையில் உட்கார்ந்தவன் செவிக்கும் சொல் தெளிவாய்ப் போய்ச் சேரவேண்டும். ஆதலின் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவதே வழக்கமாயிற்று. மூச்சை அடக்கவும், ழகரமும் ளகரமும் குழையாமல் உச்சரிக்கவும், மூன்று மணி நேர நாடகத்தைப் புத்தகமின்றி நெஞ்சில் நிறுத்தவும் பத்து வயதிலே பழகினவனுக்கு அது பின்னர் எலும்போடு ஊறிய வித்தையாயிற்று. அடியும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கம்பெனியில் வளர்ந்தோர் தம் வாழ்க்கையை எழுதியபோது வாத்தியாரின் பிரம்பை மறவாமல் எழுதினர். ஆயினும் அவரையே தெய்வமாகவும் எழுதினர்.

அப் பிள்ளைகளுக்கு நேரும் பேராபத்து ஒன்று உண்டு. பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். அதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை குயில்போற் பாடிய ஸ்திரீபார்ட் இன்று கரகரத்த தொண்டையோடு நிற்பான். ஓராண்டு ஈராண்டில் குரல் திரும்பி நல்ல ஆண்குரலாய் அமைந்தால் ராஜபார்ட்டாகலாம். அமையாவிட்டால் பபூன் வேஷம், அல்லது திரை தூக்கும் வேலை, அல்லது ஊருக்குத் திரும்ப ரயில் சார்ஜு. எழுத்துப் படிப்பு இல்லை, கைத்தொழிலும் கற்கவில்லை. நாம் முதலிற் சொன்ன புகைப்படங்களிற் பல, இந்த மகரக்கட்டில் விழுந்து எழாதவர்களுடையவை.

கம்பெனிகளுக்கு அப்பால் ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறையும் இருந்தது. இன்ன தேதியில் வள்ளி திருமணம் என்று ஒரு காண்டிராக்டர் ஏற்பாடு செய்து, வேலனுக்கு ஒருவரையும் வள்ளிக்கு ஒருவரையும் வெவ்வேறூர்களிலிருந்து வரவழைப்பார். அவர்கள் ஒத்திகையின்றியே மேடையிற் சந்தித்துப் போட்டியிட்டுப் பாடுவார்கள். அதில் முடிசூடா மன்னராய் விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவருக்கு இணையாய் நின்று பாடியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். இலங்கை மேடையிற் சந்தித்த அவ்விருவரும் வாழ்க்கையிலும் ஒன்றானார்கள். கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழு வயதிலே மறைந்தார். பேசும் படத்தில் தோன்றாமலே போய்விட்டார். அவர் குரலுக்கு இன்று நம்மிடமுள்ள சாட்சி சில இசைத்தட்டுகளே.

பேசும் படமோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பம்பாயில் ஆலம் ஆரா வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி காளிதாஸ் சென்னையிலே திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி டைரக்டு செய்த அப் படத்தில் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழ் பேச, நாயகர் தெலுங்கு பேசினார். ஜனங்கள் அதைப்பற்றிச் சிறிதும் வருந்தாமல் படம் பேசுகிறதென்ற ஆச்சரியத்திலேயே கண்டு களித்தார்கள். ராஜலக்ஷ்மி அம்மையார் சிறு வயதிலிருந்தே நாடகமேடையிற் பழகியவர். ஆகவே தமிழின் முதற் பேசும் படத்திலே முதலிற் கேட்ட பெண்குரல் நாடகமேடைக் குரலே. அவ்வம்மையார் 1936-இல் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே டைரக்டும் செய்தார் என்பதை நம் பெண்மணிகள் அறிந்துகொள்வது நன்று.

ஊமைப்பட காலத்தில் நாடகக்காரருக்குச் சினிமாவால் பெரிய நஷ்டமில்லை. பாட்டுக் கேட்க வேண்டுமானால் கொட்டகைக்குத்தான் வரவேண்டும். படம் பாடத் தொடங்கியவுடன் நிலைமை தலைகீழாயிற்று. கொட்டகைச் சொந்தக்காரருடைய கணக்கைப் பாருங்கள்: கம்பெனி வந்தால் ஐம்பது பேருக்கு இடமும், ஸீன் சாமான் இறக்க வண்டியும், வசூல் குறைந்தால் வாடகைப் பாக்கியும் ஆகும். படமோ ஒரு தகரப் பெட்டியில் ரயிலேறி வந்து சேரும், சோறு கேட்காது, தொண்டை கட்டியதென்று படுத்துக்கொள்ளாது, ஒரு நாளில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடும். உலகமெங்கும் பணமுடை மிகுந்திருந்த அக்காலத்தில் கொட்டகைகள் ஒவ்வொன்றாய்ச் சினிமாவுக்கு மாறின. ஆகவே, நடிகர்கள் மேடையை விட்டுத் திரைக்கு ஓடினார்கள் என்று சொல்லுவது பாதி உண்மையே. மேடை அவர்கள் காலடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது என்பதே மறு பாதி.

படமெடுக்க வந்தவர்களுக்கும் நாடகக்காரரையன்றி வேறு கதியில்லை. கதையும் பாட்டும் பாடுவோரும் தயாராக ஓரிடத்தில் இருக்க, புதிதாய் எதற்குத் தேடவேண்டும்? திருச்சியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக அரிச்சந்திராவில் லோகிதாசனாய் மேடையேறியவர். அவரும் எஸ். டி. சுப்புலக்ஷ்மியும் மேடையில் ஆடிவந்த பவளக்கொடியை அவர்களையே கொண்டு கே. சுப்ரமணியம் 1934-இல் படமாக்கினார். ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள்! இன்றைய பிள்ளைகள் கேட்டால் நகைப்பார்கள். அன்றோ நாடகத்திலிருந்து ஒரு பாட்டுக் குறைந்தாலும் ஜனங்கள் ஏமாற்றமடைந்திருப்பார்கள். சென்னையில் பேசும் படம் எடுக்கும் ஸ்டூடியோவும் அவ்வாண்டில்தான் ஏ. நாராயணன் முயற்சியால் ஏற்பட்டது. அதற்குமுன் பம்பாய், கல்கத்தா முதலிய தூரதேசங்களுக்கு நடிகர் கூட்டத்தையும் சமையற்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் படமெடுத்துத் திரும்புவார்கள்.

இங்கே நடிகன் பட்ட தடுமாற்றத்தைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். மேடையில் அவன் கதையின் தலை முதல் கால் வரை ஓடி வருவான். துக்கம் சிறுகச் சிறுக ஏறும். ஜனங்கள் கண்ணீரைக் கண்டு இவன் கண்ணீர் பெருகும். ஒன்ஸ்மோர் என்று குரல் எழுந்தால் அதே பாட்டை வேறு சங்கதிகளோடு பாடுவான். ஸ்டூடியோவிலோ காலையில் சாவான், மாலையில் மணமுடிப்பான். எதிரே ஜனங்கள் இல்லை. காமிராவின் ஒற்றைக் கண்ணும் சுற்றி நிற்கும் தொழிலாளரும் மாத்திரமே. அக்காலத்தில் பாட்டைத் தனியாகப் பதிவுசெய்யும் முறை வராமையால், நடித்துக்கொண்டே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் மரத்தின் பின்னும் புதரின் பின்னும் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். மைக்கு இருக்குமிடத்தை விட்டு இரண்டடி விலகினால் குரல் போய்விடும். சூரிய வெளிச்சத்தை நம்பி எடுத்த காட்சிகளில் மேகம் வந்தால் வேலை நிற்கும். காக்கை கரைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆயிரம் பேருக்கு எட்டும்படி குரலெடுத்தே பழகியவனுக்கு இரண்டு முழத்தில் நிற்கும் மைக்கிடம் எவ்வளவு சத்தம் போடவேண்டுமென்று தெரியவில்லை. கடைசி வரிசைக்குத் தெரியும்படி கையை வீசியவனுக்கு, புருவம் அசைந்தாலே திரையில் ஒரு முழம் அசையுமென்பது விளங்கவில்லை. அக்காலத்துப் படங்கள் பல, நாடகத்துக்கு எதிரே காமிராவை நட்டுவைத்து எடுத்தவைபோல் இருப்பதன் காரணம் இதுவே.

இதற்குப் பெரிய உதாரணம் 1935-இல் வந்த பக்த நந்தனார். கணவரை இழந்து வெள்ளுடை பூண்டு மேடையை விட்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளைப் படத்திற்கு அழைத்தார்கள். வேறோர் ஆடவருடன் ஜோடியாய் நடிப்பதில்லையென்று உறுதிகொண்டிருந்த அம்மையார், அழைக்க வந்தவர்களை அகற்றுவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாரென்றும், அவர்கள் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டார்களென்றும் சொல்லுவார்கள். அம்மையார் நந்தனாராக ஆண்வேஷம் பூண்டார். வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் தோன்றினார். லட்ச ரூபாய்ப் பேச்சு நாடெங்கும் பரவிற்று. படத்தைப்பற்றிக் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனம் இன்றும் நினைக்கப்படுகிறது; மனிதரைக் காட்டிலும் படத்தில் வந்த மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்தன என்னும் கருத்துப்பட அவர் கேலி செய்தார். எம்முடைய அபிப்பிராயத்தில் அக் கேலி சாமர்த்தியமானதே தவிர நியாயமானதன்று. மரமும் மாடும் காமிராவைப்பற்றிக் கவலைப்படாதவை. மேடைக்கென்று இருபது ஆண்டு பழக்கிய உடம்பையும் குரலையும் ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்ளும்படி மனிதரைக் கேட்பது வேறு காரியம். பிற்காலத்தில் அதே அம்மையார் 1953-இல் ஔவையாராகவும், 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகளாகவும் தோன்றியபோது, திரைக்கென்று சிறிதும் குறைத்துக்கொள்ளாத அந்த மேடைக்குரலே படத்தை நிறுத்திற்று.

1935-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் கூட்டத்தோடு படத்துறையிற் புகுந்து, வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலாகிய மேனகாவை ராஜா சாண்டோ டைரக்ஷனில் நடித்தார்கள். புராணத்தை விட்டுச் சமூகக் கதையைத் தொட்ட முற்படங்களுள் அஃதொன்று, என். எஸ். கிருஷ்ணனைத் திரைக்குத் தந்ததும் அதுவே. மறு ஆண்டில் வந்த சதி லீலாவதி பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளின் கூடாரம் என்று சொல்லத்தக்கது. எம். கே. ராதா நாயகர், டி. எஸ். பாலையா, எம். ஜி. ராமச்சந்திரன் ஆகியோர்க்கு அது முதற்படம். டைரக்டராய் வந்தவர் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. நடிகர்களிற் பலருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆயினும் சினிமாவைப் பள்ளியிற் கற்றுவந்த அவருடைய கண்ணுக்கு மேடைப்பழக்கம் எங்கே மிகையாகிறதென்பது உடனே தெரிந்தது. மொழி தெரியாமை ஒருவகையில் உபகாரமாயிற்றென்று கருதுகின்றோம். வசன அலங்காரத்தில் மயங்காமல் முகத்தை மாத்திரம் அவரால் பார்க்க முடிந்ததல்லவா?

மேடைக்குரல் திரையில் உச்சத்தை எய்திய காலம் 1937 முதல் 1944 வரையுள்ள ஏழெட்டு ஆண்டுகள். ஒரு பக்கம் பாகவதர். மறுபக்கம் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா. சின்னப்பா நடிகரின் மகன். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சங்கீதத்தோடு சிலம்பமும் தேகாப்பியாசமும் கற்றவர். 1936-இல் சந்திரகாந்தாவில் திரைக்கு வந்தார். 1940-இல் உத்தமபுத்திரனில் இரட்டை வேஷம் பூண்டு தம்மோடு தாமே பேசியபோது, மேடையில் ஒருபோதும் இயலாத ஒரு காரியத்தைக் கம்பெனி நடிகர் ஒருவர் செய்து காட்டினார். 1942-இல் வந்த கண்ணகியில் கோவலன் அவரே. அதில் கண்ணகியாய்த் தோன்றிய பி. கண்ணாம்பா ஆந்திர நாடகமேடையிலிருந்து வந்தவர். இளங்கோவன் எழுதிய செந்தமிழ் வசனத்தைத் தெலுங்கெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவ்வம்மையார் நெட்டுருச் செய்து பேசிய பேச்சைத் தமிழ் கற்றோரும் கேட்டுத் திகைத்தனர். பாட்டுக்குரலின் காலத்திலேயே பேச்சுக்குரலின் காலம் முளைவிட்டது இங்கேதான்.

பாகவதரின் ஹரிதாஸ் 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 ஏப்ரலில் குற்றமற்றவரென்று விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதருக்குக் குரல் குறையவில்லை. அதைக் கேட்கும் உலகம் குறைந்திருந்தது. 1948-இல் வெளிவந்த ராஜமுக்தி முதலாகப் பின்னெடுத்த படங்கள் ஓடவில்லை. சின்னப்பா 1951-இலும் பாகவதர் 1959-இலும் மறைந்தனர். இருவரும் ஐம்பது வயதைக் காணவில்லை.

சிறைவாசமே பாகவதரை வீழ்த்தியதென்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம், திரை இதற்குள் குரலை உடம்பிலிருந்து பிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டமையே. ஏ. வி. மெய்யப்பன் 1938-இல் எடுத்த நந்தகுமாரில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாட்டைப் பின்னணியில் சேர்த்தார்கள். அதே படத்திலே சிறுவன் கிருஷ்ணனாய்த் தோன்றிய டி. ஆர். மகாலிங்கம், கிட்டப்பாவின் வழியில் உச்சஸ்தாயியில் பாடும் நாடகப் பிள்ளை. அவரே 1945-இல் ஸ்ரீவள்ளியில் வேலனாய் வந்தபோது தம் சொந்தக் குரலிற் பாடினார். வள்ளியாய் நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டை மாத்திரம் அகற்றிவிட்டுப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். ஒரே படத்தில், ஒரே காட்சியில், பழைய முறையும் புதிய முறையும் எதிரெதிரே நின்று பாடின. அதன்பின், பாடத் தெரிந்தவனே நடிகனாகலாம் என்ற விதி மெல்ல மெல்ல இறந்தது. மகரக்கட்டில் விழுந்தவனும் நாயகனாகலாம் என்ற காலம் வந்தது. கம்பெனியில் வளர்ந்தும் பாடகரென்று பெயரெடாத எம். ஜி. ராமச்சந்திரன், முதற்படத்துக்குப் பதினோராண்டு கழித்து 1947-இல் ராஜகுமாரியில் நாயகரானமை இந்த மாறுதலோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பாட்டுக்குரல் போனபின் மேடை திரைக்குத் தந்த இரண்டாவது முதல் பேச்சுக்குரல். டி. கே. எஸ். சபையில் வளர்ந்த கே. ஆர். ராமசாமி, மேடையில் நடித்துப் புகழ்பெற்ற அண்ணாதுரையின் வேலைக்காரியை 1949-இல் திரையிலும் நடித்தார். 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பராசக்தி வந்தது. அதன் நாயகரான வி. சி. கணேசன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சிறு வயதிலே சேர்ந்து, ஸ்திரீபார்ட்டாய்ச் சீதை வேஷம் முதலாகப் பலவும் கட்டியவர். மேடையில் சிவாஜி வேஷம் கட்டியதால் பெரியார் வாயால் சிவாஜி என்று பெயர் பெற்றவர். வேலூரில் அவர் நூர்ஜஹானாய் நடித்ததைக் கண்ட பி. ஏ. பெருமாள் முதலியார் அவரையே தம் படத்துக்கு நாயகராக்கத் துணிந்தார். பையன் மெலிந்திருக்கிறான், பெயர் பெற்ற வேறு நடிகரைப் போடலாம் என்று ஸ்டூடியோவில் எழுந்த பேச்சுக்குப் பெருமாள் இணங்கவில்லை. முதலில் எடுத்த காட்சிகள் சிலவற்றை மறுபடி எடுத்தார்கள். அவரை மாத்திரம் மாற்றவில்லை. கருணாநிதி எழுதிய நீண்ட நீதிமன்ற வசனத்தை மூச்சு வாங்காமல், ஓரெழுத்துத் தேயாமல் அவர் பேசியபோது, பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியின் விடியற்காலைப் பாடமே அங்கே பேசிற்று. அப்படத்தில் அவருக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன், பின்னர் டி. எம். சௌந்தரராஜன். சௌந்தரராஜனோ பாகவதர் பாணியில் பாடியே திரையுலகிற் புகுந்தவர். பாகவதருடைய வழி இவ்வாறு வேறோர் உடம்பைப் பற்றிக்கொண்டு நீண்டது. சிவாஜி கணேசன் ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூர் சென்று பெருமாள் முதலியார் குடும்பத்தைக் கண்டு சீர் கொடுத்து வருவதைத் தம் வழக்கமாய்க் கொண்டிருந்தார்.

இனி, கடவாது நின்றவர்களைப்பற்றி. டி. கே. சண்முகம் திரையைக் கண்டும் மேடையை விடாதவர். படங்களில் நடித்துக் கிடைத்த பொருளை நாடகத்திலேயே போட்டார். 1944-இல் ஈரோட்டில் நாடகக்கலைக்கென்று மாநாடு கூட்டினார். அதற்கிரண்டாண்டு முன்னர் ஔவையார் நாடகத்தில் அவரே ஔவைப்பாட்டியாய்த் தோன்றி, ஔவை சண்முகம் என்ற பெயரை வாழ்நாளெல்லாம் சுமந்தார். ஜெமினியார் ஔவையாரைப் படமாக்கியபோது அவ்வேஷம் சுந்தராம்பாளுக்குச் சென்றது. அரு. ராமநாதன் எழுதிய ராஜராஜ சோழனை மேடையில் நிலைநாட்டியவர் தம்பி பகவதி. அஃது 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாய் வந்தபோது ராஜராஜனாய் நின்றவர் சிவாஜி கணேசன். அப் படத்தை டைரக்டு செய்த ஏ. பி. நாகராஜனோ டி. கே. எஸ். சபையிலே ஸ்திரீபார்ட்டாய் வளர்ந்த பிள்ளை! படம் வெளியானது மார்ச்சில். சண்முகம் அவர்கள் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்கள்.

எதிர்த்திசையிற் போனவரும் ஒருவர் உண்டு. 1960-இல் களத்தூர் கண்ணம்மாவில் குழந்தையாய்த் தோன்றிய கமல்ஹாசன், அதற்குப்பின் சண்முகத்திடம் சேர்ந்து மேடைப்பாடம் பயின்றார். 1996-இல் பெண்வேஷம் பூண்டு நடித்த படத்துக்கு அவ்வை ஷண்முகி என்று பெயரிட்டது அந்த ஆசிரியரை எண்ணியே.

திரை நாடகக் கம்பெனிகளிடமிருந்து இருபது முப்பது ஆண்டுகள் விளைந்த பயிரை அறுத்துக்கொண்டது; விதை நெல்லுக்கென்று எதுவும் திருப்பித் தரவில்லை. பையன்களைச் சேர்த்து, சோறிட்டு, பத்தாண்டு பழக்கி ஒரு நடிகனை ஆக்கும் செலவைச் செய்ய எந்த ஸ்டூடியோவும் முன்வரவில்லை. ஆக்கிவைத்தவனை அழைத்துக்கொள்ளுவதே அவர்களுக்கு லாபம். ஆயினும் அக் கம்பெனிகள் மறைந்ததற்காக முற்றிலும் அழவும் எம்மால் இயலவில்லை. பத்து வயதுப் பிள்ளையை எழுதிக் கொடுக்கும் வறுமையும், எழுத்தறியாமல் அவன் வளர்ந்த வளர்ப்பும், குரல் உடைந்தவுடன் அவனைக் கைவிட்ட கொடுமையும் அவற்றோடு சேர்ந்தே போயின. நல்லதும் தீயதும் ஒரே பாயில் படுத்திருந்தன. பாயைச் சுருட்டியபோது இரண்டும் சுருண்டன.

ஸ்பெஷல் நாடகம் மாத்திரம் அடியோடு சாகவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் பங்குனி சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணம் தொடங்குகிறது. நடிகர்கள் இன்றும் வெவ்வேறூர்களிலிருந்து பஸ்ஸேறி வந்து மேடையிலேதான் சந்திக்கிறார்கள். ஓரத்தில் ஆர்மோனியக்காரர் இருக்கிறார். மேலே மைக்குத் தொங்குகிறது. விடியற்காலையில், தூங்கி வழியும் ஜனங்களை எழுப்புவதற்காக, சுவாமிகள் பாட்டுக்கிடையே ஒரு சினிமாப் பாட்டும் பாடுகிறார்கள்.